ஒரே கணினியில் பல லாகின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கணினி, அதற்கு நான்கு பேர். கடையில் ஒரு கணினி, காலையில் பில் போடுபவர் ஒருவர், மாலையில் கணக்கு எழுதுபவர் வேறொருவர். அப்படிப்பட்ட இடங்களில் வரும் கேள்விகளுக்கான பக்கம் இது. விண்டோஸ் 10, 11 பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். பிறகு உபுண்டு போன்ற லினக்ஸ், அதன்பின் மேக். மெனு, பட்டன் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் எப்படி வருமோ அதே உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

லாக், ஸ்விட்ச் யூசர், சைன் அவுட் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் பாதிச் சிக்கல்களுக்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். லாக் என்பது அறையைப் பூட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவது. பெட்டி உள்ளேயே இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது. சைன் அவுட் என்பது அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுவது. ஸ்விட்ச் யூசர் என்றால் உங்கள் அறை பூட்டியபடியே இருக்க, பக்கத்து அறைக்கு இன்னொருவர் வருகிறார். இப்போது இரண்டு அறையிலும் ஃபேன் ஓடுகிறது, கரண்ட் பில் ஒன்றுதான்.

இப்படி ஒருவர் லாகின் செய்ததிலிருந்து சைன் அவுட் செய்யும்வரை உயிரோடு இருப்பதைத்தான் செஷன் என்கிறோம். அவர் திறந்த புரோகிராம்கள், ஜன்னல்கள், சேமிக்காத கோப்புகள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆள் மாறினால் செஷன் பின்னால் போகும், முடிந்துவிடாது. விண்டோஸில் இந்த வசதி 2001-இல் எக்ஸ்பி-யுடன் வந்தது. அலுவலக டொமைனில் (நிறுவனம் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்ந்த எக்ஸ்பி கணினிகளில் இது வேலை செய்யவில்லை. விஸ்டாவில் அந்தத் தடை நீங்கியது.

விண்டோஸில் ஆள் மாறுவதற்குச் சுருக்கமான வழி எது?

விண்டோஸ் கீயையும் எல்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும். ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரும். அதன் இடது கீழ் மூலையில் மற்ற கணக்குகளின் பெயர்கள் இருக்கும். வேண்டியதைத் தொட்டு, பாஸ்வேர்டோ பின் எண்ணோ கொடுத்தால் போதும்.

இதே வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் உங்கள் படத்தைச் சொடுக்கினால் மற்ற கணக்குகள் தெரியும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் படத்தைச் சொடுக்கிய பிறகு மூன்று புள்ளிகளையும் தொட வேண்டியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் ஸ்விட்ச் யூசர் என்றே ஒரு வரி இருக்கும். டெஸ்க்டாப்பில் எந்த ஜன்னலும் தேர்வாகாத நிலையில் ஆல்ட் + எஃப்4 அழுத்தினால் வரும் பெட்டியிலும் அது இருக்கிறது. எது கைக்கு வருகிறதோ அதையே பழக்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே கணக்கில் இருந்தால் என்ன? எதற்குத் தனித்தனி?

ஒரே கணக்கில் இருந்தால் மாறுவதற்கே ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் ஒருவர் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் எல்லோருக்கும் திறக்கும். ஒருவர் டெஸ்க்டாப்பில் அழித்த கோப்பு எல்லோருக்கும் போய்விடும். பில்லிங் பார்ப்பவர் தெரியாமல் ஒரு புரோகிராமை நீக்கினால் கணக்குப் பார்ப்பவருக்கும் சேர்த்தே அது இல்லாமல் போகும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ஆட் அக்கவுண்ட் கொடுங்கள். விண்டோஸ் 10-இல் அந்தப் பக்கத்தின் பெயர் ஃபேமிலி அண்டு அதர் யூசர்ஸ். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாதவருக்கு, 'இவரது சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை' என்ற வரியைத் தொட்டு, அடுத்த திரையில் 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். புதுக் கணக்கு ஸ்டாண்டர்டு வகையில்தான் (கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றங்களைச் செய்ய முடியாத வகை) உருவாகும். அப்படியே விடுங்கள். வீட்டிலோ கடையிலோ ஒருவர் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால் போதும். எல்லோரையும் அட்மின் ஆக்குவது எல்லோருக்கும் கல்லாப்பெட்டிச் சாவி கொடுப்பது போல.

முதல் முறை லாகின் செய்யும்போது கணக்குத் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். நடுவில் பவரை அணைத்துவிடாதீர்கள். வந்து போகிறவர்களுக்கென்று இருந்த கெஸ்ட் கணக்கு விண்டோஸ் 10 முதல் இல்லை. விருந்தாளிக்கும் ஒரு ஸ்டாண்டர்டு கணக்குதான்.

நான் மாறிப்போனால் என் டவுன்லோட், பிரின்ட் எல்லாம் நின்றுவிடுமா?

டவுன்லோட் நிற்காது. பின்னால் போன செஷனிலும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவும் நடக்கும்.

பிரின்ட் இன்னும் உறுதி. அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரின்ட் ஸ்பூலர் என்பது யாருடைய செஷனிலும் இல்லாமல், பூஜ்யம் என்ற எண் கொண்ட தனி செஷனில் ஓடும் சர்வீஸ், அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம். விஸ்டா முதல் இப்படிப்பட்ட சர்வீஸ்கள் அங்கேதான் இருக்கின்றன, ஆட்கள் ஒன்று முதல்தான். எனவே பக்கங்கள் வரிசைக்குப் போய்விட்டால் நீங்கள் சைன் அவுட்டே செய்தாலும் அச்சாகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. காலையில் ஒருவர் அனுப்பிய பக்கம் வரிசையில் சிக்கிக்கொண்டால், மாலையில் வருபவருக்கும் பிரின்ட் வராது. இன்னொருவர் அனுப்பியதை ஸ்டாண்டர்டு கணக்கால் நீக்க முடியாது. அட்மின் கணக்கிலிருந்து நீக்கலாம், அல்லது சர்வீசஸ் ஜன்னலில் பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யலாம்.

எல்லாவற்றையும் நிறுத்துவது ஸ்லீப்தான். கணினி தூங்கினால் எல்லா செஷனும் சேர்ந்து தூங்கும். ராத்திரி முழுக்க டவுன்லோட் ஓட வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய், சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள்.

ஆள் மாறிய பிறகு கணினி ஆமை போல் நகர்கிறது. ஏன்?

முதலில் மெமரியைப் பாருங்கள். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து யூசர்ஸ் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10-இல் சின்ன ஜன்னலாகத் திறந்தால் 'மோர் டீட்டெய்ல்ஸ்' கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் இடது ஓரம் இரண்டு தலைகள் போட்ட படம்.

அங்கே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி இருக்கும். பெயரின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் ஓட்டும் புரோகிராம்களின் எண்ணிக்கை, பிறகு சிபியு, மெமரி, டிஸ்க். திரையில் இல்லாதவரின் நிலை டிஸ்கனெக்டட் என்று காட்டும். அதைப் படித்துவிட்டு அவர் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். திரையிலிருந்து மட்டும் பிரிந்திருக்கிறார் என்று பொருள். உதாரணத்துக்கு, 8 ஜிபி கணினியில் உங்கள் வரியில் 1,900 எம்பி, டிஸ்கனெக்டட் ஆன மகள் வரியில் 2,400 எம்பி என்று இருந்தால், அவர் திறந்து வைத்த இருபது பிரவுசர் டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. வரியின் இடதுபுற அம்புக்குறியைத் தொட்டால் எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்பதும் விரியும்.

எங்கள் கணக்கு இது: 4 ஜிபி ரேம் என்றால் ஆள் மாறும் வசதியையே மறந்துவிடுங்கள், ஒருவர் முடித்ததும் சைன் அவுட். 8 ஜிபி இருந்தால் இரண்டு பேர், பிரவுசரில் கொஞ்சம் கட்டுப்பாட்டோடு. 16 ஜிபி இருந்தால் மூன்று நான்கு பேர் வந்து போகலாம். இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஓடும் பழைய கணினியில் மெமரி நிரம்பியதும் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றுவிடும், அதுதான் அந்த ஆமை நடை. எஸ்எஸ்டி மாற்றினால் வலி குறையும், மெமரி கூடிவிடாது.

ஷட் டவுன் கொடுத்தால் 'வேறொருவர் இந்தக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்று வருகிறது. யாருமே இல்லையே?

ஆள் இல்லை, செஷன் இருக்கிறது. யாரோ சைன் அவுட் செய்யாமல் போயிருக்கிறார். 'ஷட் டவுன் எனிவே' கொடுத்தால் அணைந்துவிடும், ஆனால் அவர் சேமிக்காத வேலை போய்விடும். பாதி டைப் செய்த கடிதம், சேமிக்காத எக்செல் தாள் எல்லாம்.

கூப்பிடும் தூரத்தில் அவர் இருந்தால் வந்து சேமித்துவிட்டு சைன் அவுட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஷட் டவுனுக்குப் பதில் ஸ்லீப் அல்லது ஹைபர்னேட் கொடுங்கள், எல்லா செஷனும் அப்படியே காத்திருக்கும். யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போகும் ஊர்களில் ஸ்லீப் நம்பகமில்லை. அது மெமரியில்தான் வைத்திருக்கும், கரண்ட் போனால் போச்சு. ஹைபர்னேட் டிஸ்கில் எழுதிவிடும்.

அவரது பாஸ்வேர்ட் தெரியாமல் அவர் செஷனை முடிக்க முடியுமா?

அட்மின் கணக்கு இருந்தால் முடியும். டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பக்கத்தில் அவர் பெயரை வலது சொடுக்கி சைன் ஆஃப் கொடுங்கள். சேமிக்காதது அழியும் என்று எச்சரித்த பிறகு முடித்துவைக்கும். இங்கே பாஸ்வேர்ட் கேட்காது. அவர் செஷனுக்குள் நுழைவதற்குத்தான் பாஸ்வேர்ட்.

புரோ பதிப்பில் கமாண்ட் பிராம்ப்டிலும் செய்யலாம்: யூசர் என்ற சொல்லுக்கு முன் கியூ எழுத்தை ஒட்டி எழுதும் கியூசர் என்ற கட்டளை எல்லா செஷனையும் எண்ணோடு காட்டும், லாகாஃப் என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் முடியும். ஹோம் பதிப்பில் கியூசர் கிடையாது, டாஸ்க் மேனேஜரே போதும்.

ரீஸ்டார்ட் செய்த பிறகும் ஒருவர் பெயருக்குக் கீழே 'சைன்டு இன்' என்று இருக்கிறதே?

வைரஸ் என்று பயப்பட வேண்டாம். அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனால், கடைசியாக இருந்தவரை விண்டோஸ் தானே உள்ளே அழைத்து, திரையைப் பூட்டி வைத்துவிடும். அப்டேட்டின் மிச்ச வேலையை முடிக்க அது செய்யும் ஏற்பாடு. பிடிக்கவில்லையென்றால் அந்தந்தக் கணக்கில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், அப்டேட்டுக்குப் பின் என் சைன்-இன் விவரத்தைப் பயன்படுத்து என்ற பொருளில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். ஒருவர் அணைத்தால் மற்றவருக்கு அணையாது.

ஆள் மாறுவதற்குப் பதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாதா?

சாதாரண விண்டோஸில் முடியாது. எத்தனை செஷன் பின்னால் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கு நிலையில் இருக்கலாம். இது ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் (வேறொரு கணினியிலிருந்து இதற்குள் நுழையும் வசதி) பொருந்தும். புரோ பதிப்புக் கணினிக்குள் வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரே பெயரில் நுழைந்தால் அதே செஷன் அப்படியே அங்கே போகும். டெஸ்க்டாப்பில் திறந்து வைத்தது லேப்டாப்பில் தெரியும். வேறு பெயரில் நுழைந்தால் முன்னால் இருப்பவரிடம் அனுமதி கேட்கும், அவர் பதில் சொல்லாவிட்டால் சிறிது நேரத்தில் அவரை வெளியே அனுப்பிவிடும். ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழையவே முடியாது, அதிலிருந்து வெளியே போகலாம்.

ஒரு டிஎல்எல் கோப்பை மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் நுழையலாம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அது உரிம விதிக்கு எதிரானது. அதோடு அப்டேட் வரும்போதெல்லாம் உடையும், உடைந்த அன்று கடையில் பில் போட முடியாது. செய்யாதீர்கள். முறையான வழி விண்டோஸ் சர்வர். அதில் நிர்வாக வேலைக்கு இரண்டு ரிமோட் செஷன் சேர்ந்தே வருகிறது, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும்.

லினக்ஸில் வேறொரு வழி இருக்கிறது. அதற்கு மல்டி-சீட் என்று பெயர். ஒரே பெட்டிக்கு இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு மானிட்டர், இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸ். இயல்பாக எல்லாச் சாதனங்களும் 'சீட் 0'-வில் இருக்கும். இரண்டாவது கார்டையும் அதன் கீபோர்டு, மவுஸையும் 'சீட் 1'-க்கு ஒதுக்கிவிட்டால் அங்கே தனி லாகின் திரை வரும். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் செருகி இதைச் செய்யப் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சீட்டுக்கு ஒரு கார்டு வேண்டும். மதர்போர்டிலேயே இருப்பதும் ஒரு கார்டாகக் கணக்கில் சேரும்.

பென்டிரைவை எஜெக்ட் செய்ய விடமாட்டேன் என்கிறது. என் பக்கம் எல்லாம் மூடிவிட்டேன்.

உங்கள் பக்கம் மூடிவிட்டீர்கள், பின்னால் இருக்கும் செஷனில் அதிலிருந்து ஒரு வேர்ட் கோப்போ படமோ திறந்திருக்கும். பென்டிரைவ் எல்லா செஷனுக்கும் பொது. அந்த செஷனுக்குப் போய் மூடுங்கள், அல்லது சைன் ஆஃப் செய்யுங்கள். அப்படியே பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம்.

நெட்வொர்க் டிரைவுகள் இதற்கு நேர்மாறு. இசட் என்ற எழுத்தில் நீங்கள் இணைத்தது உங்கள் செஷனில் மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவரும் தனியாக இணைக்க வேண்டும். டீஃபால்ட் பிரின்டரும் கணக்குக்குக் கணக்கு வேறு. 'நேற்று சரியாக வந்தது, இன்று பிடிஎஃப் ஆகச் சேமிக்கக் கேட்கிறது' என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இருவருக்கும் பொதுவான கோப்புகளை எங்கே வைப்பது?

சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வைத்தால் எல்லாக் கணக்கிலிருந்தும் திறக்கலாம். டி டிரைவ் இருந்தால் அதில் ஒரு கோப்புறை போட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கவனம்: எக்செல் கோப்பு ஒருவர் செஷனில் திறந்திருந்தால் மற்றவருக்கு 'ரீட்-ஒன்லி' என்றுதான் திறக்கும், திறந்து வைத்திருப்பவர் பெயரையும் சொல்லும். அப்போது அவசரத்துக்கு 'நகல் 2', 'நகல் 2 புதியது' என்று சேமிக்க ஆரம்பித்தால் மாதக் கடைசியில் எது சரியான கணக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் செஷனுக்குப் போய் மூடிவிட்டு வருவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது. ஆள் மாறும்போது மட்டும்தான் இப்படி.

கீபோர்டு மொழியைப் பாருங்கள். தமிழ்99 போன்ற தமிழ் விசைப்பலகை சேர்த்திருக்கும் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். பூட்டிய திரையில் தமிழ் தேர்வாகியிருந்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு தமிழ் எழுத்து போய் விழும். புள்ளிகளாகத் தெரிவதால் கண்ணுக்குப் புலப்படாது. பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று தெரியும்.

வலது கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கும். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் மாறும். நிரந்தரமாகச் சரிசெய்ய, அட்மின் கணக்கில் ஆங்கிலத்தை முதல் மொழியாக வைத்துவிட்டு, கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்தில் 'காப்பி செட்டிங்ஸ்' கொடுத்து, வெல்கம் ஸ்க்ரீனுக்கான பெட்டியில் டிக் போடுங்கள். தமிழ் விசைப்பலகை ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு இருப்பதால் மற்றவருக்கும் இருக்கும் என்பதில்லை.

மாறியதும் கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது.

முதலில் விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், ஒரு பீப் வரலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி டாஸ்க் மேனேஜருக்குப் போய், ரன் நியூ டாஸ்க் கொடுத்து எக்ஸ்ப்ளோரர் என்று அடியுங்கள். டாஸ்க்பார் திரும்பி வரும். அடிக்கடி நடந்தால் மெமரி பற்றாக்குறையோ பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோதான் காரணமாக இருக்கும்.

'டெம்பரரி புரொஃபைல்' என்று ஒரு செய்தி வந்து, என் கோப்பு ஒன்றையும் காணோம்.

பதற்றத்தில் அங்கேயே வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் புரொஃபைலை (உங்கள் கோப்புகளும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) திறக்க முடியாததால் விண்டோஸ் ஒரு தற்காலிகப் புரொஃபைலைக் கொடுத்திருக்கிறது. அதில் சேமிப்பது எல்லாம் சைன் அவுட் செய்ததும் அழியும். பழைய கோப்புகள் அதனதன் இடத்திலேயே இருக்கின்றன. சைன் அவுட் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறு யாரும் நுழைவதற்கு முன் நீங்கள் முதலில் லாகின் செய்து பாருங்கள். பல நேரங்களில் அதோடு சரியாகிவிடும்.

கடையில் ஸ்விட்ச் யூசரையே மறைத்துவிட வேண்டும்.

புரோவில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று போங்கள். 'ஹைட் என்ட்ரி பாயின்ட்ஸ் ஃபார் ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்' என்பதை எனேபிள் செய்தால் மெனுக்களிலிருந்தும் லாகின் திரையிலிருந்தும் அது போய்விடும்.

செய்வதற்கு முன் இதை யோசியுங்கள்: ஒருவர் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்தவருக்கு உள்ளே வர வழி இருக்காது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பார்கள், சேமிக்காதது எப்படியும் போகும். மெமரி குறைவான கணினி, ஒழுங்காக சைன் அவுட் செய்யும் ஆட்கள் இரண்டும் இருந்தால் மட்டும் இது உதவும்.

ஒரே ஒரு புரோகிராமை மட்டும் வேறு பெயரில் ஓட்ட வேண்டும். அதற்கும் ஆள் மாற வேண்டுமா?

வேண்டாம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு புரோகிராமின் மேல் வலது சொடுக்கி 'ரன் ஆஸ் டிஃபரென்ட் யூசர்' கொடுங்கள். அந்த ஜன்னல் மட்டும் வேறு பெயரில், உங்கள் செஷனுக்குள்ளேயே ஓடும். இரண்டு மின்னஞ்சல் கணக்கு பார்ப்பதுதான் தேவை என்றால் அதுவும் வேண்டாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் தனித்தனிப் புரொஃபைல் போட்டுக்கொள்ளலாம்.

உபுண்டுவில் ஸ்விட்ச் யூசர் மெனுவே இல்லையே?

கணினியில் ஒரே ஒரு கணக்கு இருந்தால் உபுண்டுவின் டெஸ்க்டாப் சூழலான க்னோம் அந்த வரியைக் காட்டாது. செட்டிங்ஸில் யூசர்ஸ் போய் இரண்டாவது கணக்கைச் சேர்த்தால், வலது மேல் மூலை பவர் மெனுவுக்குள் தோன்றும்.

பிள்ளை எதையோ அழுத்த, திரை முழுக்கக் கறுப்பாகி 'லாகின்' என்று மட்டும் கேட்கிறது!

கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அழுத்தியிருப்பார். லினக்ஸில் ஒரே திரைக்குப் பின்னால் பல மெய்நிகர் முனையங்கள் உண்டு, டிடிஒய் என்பார்கள். எஃப்1, எஃப்2 என்று ஒவ்வொரு கீக்கும் ஒன்று. க்னோம் ஓடும் உபுண்டுவில் பொதுவாக எஃப்1-இல் லாகின் திரை, எஃப்2-இல் முதலில் நுழைந்தவரின் டெஸ்க்டாப், அடுத்து நுழைந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள். காலியாக இருப்பவை எழுத்துத் திரைகள்.

எனவே கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 அழுத்தினால் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அங்கே இல்லையென்றால் எஃப்1, எஃப்7 முயன்று பாருங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எழுத்துத் திரையில் இருக்கும்போது ஆல்ட்டும் இடது வலது அம்புக்குறியும் போதும்.

இந்தக் கறுப்புத் திரையைப் பழகிக்கொண்டால் ஆபத்துக்கு உதவும். டெஸ்க்டாப் உறைந்து நின்றாலும் பெரும்பாலும் இது திறக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து (பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது, கை பழுதில்லை), டாப் என்ற கட்டளையால் எது கணினியைத் தின்கிறது என்று பார்க்கலாம். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கோப்பு கெடவில்லை.

லினக்ஸில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து வெளியே அனுப்புவது எப்படி?

டெர்மினலில் ஹூ என்ற மூன்றெழுத்துக் கட்டளை பெயர்களைக் காட்டும். விவரமாக வேண்டுமென்றால் லாகின் என்ற சொல்லோடு சி, டி, எல் எழுத்துகளை ஒட்டி எழுதும் கட்டளை. அதோடு லிஸ்ட்-செஷன்ஸ் சேர்த்தால் செஷன் எண், பெயர், சீட், டிடிஒய் வரிசையாக வரும். ஆக்டிவேட் என்று எண்ணைக் கொடுத்தால் அந்த செஷன் முன்னால் வரும், டெர்மினேட்-செஷன் என்று கொடுத்தால் முடியும். மற்றவர் செஷனை முடிக்க, கட்டளையை அட்மின் உரிமையோடு ஓட்டும் சூடோ வேண்டும். சேமிக்காதது போகும், இங்கேயும் அதே கதைதான்.

ஆள் மாறியதும் பாட்டு நின்றுவிடுகிறது.

லினக்ஸ் வேண்டுமென்றே செய்வது. ஒலிச் சாதனத்தின் அனுமதி முன்னால் இருக்கும் செஷனுக்கு மட்டும் தரப்படுகிறது. அப்படி இல்லாவிட்டால் பின்னால் இருப்பவரின் புரோகிராம் உங்கள் மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்க முடியும். பெயரை ஆடியோ குழுவில் சேர்த்தால் தடை நீங்கும் என்று எழுதுவார்கள். நீங்கும், பாதுகாப்பும் சேர்ந்தே நீங்கும்.

லினக்ஸில் ஒரே பெயரில் இரண்டு டெஸ்க்டாப் திறக்கலாமா?

எழுத்துத் திரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். படத்திரை இரண்டு வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் பெயரை லாகின் திரையில் கொடுத்தால் க்னோம் பழைய செஷனுக்கே கொண்டுபோய் விடும். வேறு டெஸ்க்டாப் சூழலைக் கொண்டு வலுக்கட்டாயமாக இரண்டாவதைத் திறந்தால், ஃபயர்ஃபாக்ஸ் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று நிற்கும், செட்டிங்ஸ் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். சோதனைக்கு இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்வதே சுலபம்.

மேக்கில் எப்படி?

2003-இல் வந்த பேந்தர் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆள் மாறும்போது திரை ஒரு கனசதுரம் போலத் திரும்பும், அதைக் காட்டவே பலர் மாறி மாறி லாகின் செய்தார்கள். இப்போது சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோல் சென்டர் (புதிய பதிப்பில் மெனு பார்) போய் ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்கை மெனு பாரில் காட்டச் சொல்லுங்கள். மேல் வரியில் பெயரைத் தொட்டு மாறலாம். விரல்ரேகை வசதி உள்ள மேக்கில், பதிவு செய்த விரலால் டச் ஐடி பட்டனை அழுத்தினாலே அந்த விரலுக்குரியவரின் செஷன் வரும். மற்றவர் உள்ளே இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்.

என் செஷன் பூட்டியிருந்தால் என் கோப்புகளை வேறு யாரும் பார்க்க முடியாது, அப்படித்தானே?

ஸ்டாண்டர்டு கணக்குக்காரர் பார்க்க முடியாது. அட்மின் பார்க்க முடியும். விண்டோஸில் யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரை அவர் சொடுக்கினால் 'அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வரும், அதிலேயே கன்டினியூ பட்டனும் இருக்கும். அதை ஒரு முறை அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டுமில்லை, நிரந்தரமாக அவருக்கு அனுமதி கிடைத்துவிடும். உங்கள் செஷன் பூட்டியிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பது இங்கே கணக்கே இல்லை. அட்மினுக்கும் தெரியக் கூடாத கோப்பு என்றால் பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் செய்து வையுங்கள், அல்லது அந்தக் கணினியில் வைக்காதீர்கள்.